ஒரு பிரீமியர் லீக் சீசனை ஆகஸ்ட் முதல் மே வரை விடாமல் பார்ப்பது எப்படி

இங்கிலாந்தின் முதல் டிவிஷன் கால்பந்துப் போட்டிதான் பிரீமியர் லீக். "இந்த வருஷம் பிரீமியர் லீக் முழுசா பார்க்கப் போறேன்" என்று ஆகஸ்டில் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் தீபாவளிக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். லிவர்பூல் ஆடினால் பார்ப்பது, மான்செஸ்டர் யுனைடெட் ஆடினால் பார்ப்பது, மற்ற நாளில் ஹைலைட்ஸ் என்று இருந்தால் அப்படித்தான் ஆகும். கப் போவதும் வருவதும் பல நேரம் யாரும் பார்க்காத ஒரு சனிக்கிழமை மேட்ச்சில்தான்.

அடிப்படையை முதலில் முடித்துவிடுவோம். 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒரு தடவை, அவர்கள் மைதானத்தில் ஒரு தடவை ஆடும். ஆளுக்கு 38 மேட்ச், மொத்தம் 380. ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. ஐபிஎல் மாதிரி பிளே ஆஃப், ஃபைனல் எதுவும் கிடையாது; 38 முடியும்போது யார் மேலே இருக்கிறாரோ அவர் சாம்பியன், கடைசி மூன்று அணிகள் கீழே சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும்.

அணி தேர்ந்தெடுக்கும்போது ஒன்று போதாது, இரண்டு எடுங்கள். மேலே ஒன்று, அது உங்கள் இஷ்டம். கீழே ஒன்று, அதாவது இறங்கிவிடுமோ என்று எல்லோரும் பேசுகிற அணி. பெரிய அணி டிசம்பரிலேயே பத்துப் புள்ளி பின்தங்கிவிட்டால் உங்களுக்கு ஆர்வம் செத்துவிடும், ஆனால் கீழே இருக்கிற அணிக்கு ஒவ்வொரு டிராவும் உயிர், அந்தப் பதைபதைப்பு மே வரைக்கும் உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்து நேரம். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 3 மணி மேட்ச் என்றால் ஆகஸ்டில் நமக்கு இரவு 7.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அன்றிலிருந்து அதே மேட்ச் நமக்கு 8.30. மார்ச் கடைசி ஞாயிறு பழையபடி ஆகும். நான் பார்க்க ஆரம்பித்த முதல் வருஷம் இது தெரியாமல் 7.30க்கே டிவி முன்னால் உட்கார்ந்து, கேபிள்காரரிடம் சண்டைக்குப் போனேன், பாவம் அவர். வார நாளில் இரவு 8 மணி மேட்ச் என்றால் குளிர்காலத்தில் நமக்கு 1.30. அதை எல்லாம் விழித்துப் பார்க்கணும் என்று வைராக்கியம் வேண்டாம், காலையில் ஸ்கோர் தெரிவதற்கு முன்னால் ரீப்ளே பார்த்தால் போதும்.

இப்போது பாயிண்ட்ஸ் டேபிள், இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும். பத்து மேட்ச் ஆகும் வரை அதை நம்பாதீர்கள். அப்புறமும் முதலில் பார்க்க வேண்டியது புள்ளியை இல்லை, எத்தனை மேட்ச் ஆடியிருக்கிறார்கள் என்பதை. லீக்கைத் தவிர இதே அணிகள் ஆடும் வேறு கோப்பைப் போட்டிகளால் சில மேட்ச் தள்ளிப்போகும், அதனால் மூன்று புள்ளி முன்னால் நிற்கிற அணி ஒரு மேட்ச் கூடுதலாக ஆடியிருக்கலாம்.

இரண்டாவது, டிரா கட்டம். 2018-19ல் லிவர்பூல் சீசன் முழுக்கத் தோற்றது ஒரே ஒரு மேட்ச்தான், மான்செஸ்டர் சிட்டி நாலு தோற்றது. ஆனாலும் கப் சிட்டிக்கு, 98க்கு 97. காரணம், சிட்டி டிரா செய்தது 2, லிவர்பூல் 7. டிரா என்றால் ஒரு புள்ளி கிடைத்தது என்று பார்க்காமல் இரண்டு புள்ளி போனது என்று பார்த்தால்தான் மேலே நடக்கிற சண்டை புரியும். லிவர்பூல் தோற்ற அந்த ஒரு மேட்ச்சும் சிட்டியிடம்தான், 2019 ஜனவரி 3. அதில் சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் கோட்டில் வைத்து உதைத்துத் தள்ளிய பந்து கோலாவதற்கு 11.7 மில்லிமீட்டர்தான் பாக்கி.

மூன்றாவது, கோல் வித்தியாசம். நெட் ரன் ரேட் மாதிரிதான், ஆனால் கால்குலேட்டர் வேண்டாம்: போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் முடிந்தது. 2011-12ல் சிட்டியும் யுனைடெட்டும் 89 புள்ளியில் சமம். சிட்டி 93 போட்டு 29 வாங்கியது, யுனைடெட் 89 போட்டு 33 வாங்கியது, அதாவது +64, +56. கப் சிட்டிக்கு. சரி, இப்போது அக்டோபருக்குப் போவோம். யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் சிட்டி 6-1 என்று அவர்களை அடித்தது; 88 நிமிஷம் வரை அது 3-1தான், கடைசி மூன்று கோலும் அதற்குப் பிறகு வந்தவை. அந்த மேட்ச் மட்டும் 1-0 என்று முடிந்திருந்தால் இருவருக்கும் +60, போட்ட கோலும் இருவருக்கும் 88! நான் இதைப் பேப்பரில் போட்டுப் பார்த்தபோது தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தடவை கூட்டினேன். தோல்வி உறுதியான மேட்ச் என்று நாம் சேனலை மாற்றும் நேரத்தில்தான் இப்படி நடக்கும், ஆகவே கடைசி நிமிஷம் வரை உட்காருங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு அணிக்கும் ஆளுக்கொரு பக்கம்: தேதி, உள்ளூரா வெளியூரா, ஸ்கோர், கோல் விழுந்த நிமிஷம். இவ்வளவு போதும். ஆப்பில் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள், இருக்கிறது, ஆனால் கையால் எழுதும்போதுதான் "இவன் 80 நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து கோல் வாங்குகிறான்" என்பது கண்ணில் படும்.

டிசம்பர் நெருக்கமான மாதம், மூன்று நாலு நாளைக்கு ஒரு மேட்ச் கூட வரும், பெஞ்சில் ஆள் இல்லாத அணி அங்கே மூச்சு வாங்கும். கிறிஸ்துமஸ் அன்று கடைசியில் இருக்கும் அணி பெரும்பாலும் இறங்கிவிடும். 2004-05ல் வெஸ்ட் பிரோம்விச் ஆல்பியன் முதன்முதலாகத் தப்பித்தது, 2013-14ல் சண்டர்லாந்து, அடுத்த வருஷமே லெஸ்டர் சிட்டி. அந்த லெஸ்டர்தான் அதற்கடுத்த சீசனில் பயிற்சியாளராக கிளாடியோ ரனியேரி வந்ததும் 81 புள்ளியோடு கப் வாங்கியது. அன்று கடைசியில் இருந்த லெஸ்டரைப் பின்தொடர்ந்தவர் யாராவது இருந்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

மார்ச்சுக்குப் பிறகு "40 புள்ளி எடுத்தால் தப்பலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். காதில் வாங்க வேண்டாம். 2002-03ல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது. 2023-24ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் நிதி விதி மீறலுக்காக 4 புள்ளி வெட்டப்பட்டு 32ல் முடித்தும் தப்பித்தது. 18வது இடத்தில் இருப்பவருக்கும் உங்கள் அணிக்கும் எத்தனை இடைவெளி, அவருக்கு எத்தனை மேட்ச் பாக்கி, அதை மூன்றால் பெருக்குங்கள். இடைவெளி அதைவிடப் பெரிதென்றால் அவரால் உங்களை எட்ட முடியாது, அதுதான் கணக்கு.

கடைசி நாள் பத்து மேட்ச்சும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும், இப்போதெல்லாம் நமக்கு ஞாயிறு இரவு 8.30. சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுங்கள். டிவியில் கப் யாருக்கு என்று முடிவு செய்யும் மேட்ச், போனில் டேபிளின் அடிப்பகுதி, இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 2012 மே 13 அன்று 90 நிமிஷம் முடிந்தபோது சிட்டி 1-2 என்று பின்னால், எதிரே பத்துப் பேராகிவிட்ட குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ். யுனைடெட் சண்டர்லாந்தில் 1-0 என்று ஜெயித்து முடித்துக் காத்திருந்தது. 90க்கு மேல் நடுவர் சேர்த்த நிமிஷங்களில் சிட்டியின் ஜெக்கோ ஒன்று, 93 நிமிஷம் 20 நொடியில் சிட்டியின் அகுவேரோ ஒன்று. டிவியில் எல்லோரும் அகுவேரோ சட்டையைச் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்பகுதியைப் பார்த்தவருக்கு இன்னொரு கதை தெரியும்: இறங்கிவிடுமோ என்றிருந்த இன்னொரு அணியான போல்டன் ஸ்டோக்கில் 2-2 என்று டிரா செய்ததால், அப்போதுதான் தோற்ற ரேஞ்சர்ஸ் ஒரே ஒரு புள்ளியில் தப்பித்திருந்தது.