டெக்சாஸில் பிள்ளை ஹைஸ்கூல் முடிக்கிறதா? ஸ்டார் தேர்வை இப்படி அணுகுங்கள்

டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் வகுப்பு மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டிப்ளமோ (ஹைஸ்கூல் முடித்ததற்கான சான்றிதழ்) கிடைக்க அல்ஜீப்ரா 1, ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, உயிரியல், அமெரிக்க வரலாறு என 5 பாட இறுதித் தேர்வுகளில் தேற வேண்டும். இவைதான் ஸ்டார் (STAAR) எனப்படும் மாநிலத் தேர்வுகள்.

முதலில் பள்ளிக் கவுன்சிலரை (மாணவர் ஆலோசகர்) பார்த்து எது பாக்கி என்று கேளுங்கள். வேறு மாநிலத்திலோ நாட்டிலோ அந்தப் பாடத்தை முடித்துவிட்டு வந்த பிள்ளை என்றால், இங்கே பள்ளி அந்த கிரெடிட்டை (பாடம் முடித்ததற்கான கணக்கு) ஏற்றுக்கொண்டிருந்தால், அந்தத் தேர்வை எழுதவே வேண்டாம், அதனால் பழைய சான்றிதழ்களைச் சேர்க்கையின்போதே கொடுத்துவிடுங்கள்.

தவறிவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள், அது உதவாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். வசந்த காலத்தில் மட்டுமில்லை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. எந்தப் பகுதியில் மதிப்பெண் போனது என்று முடிவு அறிக்கையில் பார்த்து, அதை மட்டும் பிடித்துப் படிக்க வையுங்கள். டெக்சாஸ் கல்வித் துறை வெளியிடும் பழைய வினாத்தாள்கள் இலவசம்தான், கணினியிலேயே பழகட்டும்.

அப்புறம், 2 தேர்வுகளுக்கு மேல் பாக்கி இல்லாத மாணவருக்கு 2015 முதல் ஒரு வழி உண்டு: பள்ளியில் அமைக்கும் பட்டமளிப்புக் குழு, கூடுதல் பயிற்சியும் புராஜெக்ட்டும் பார்த்து ஒருமனதாக அனுமதிக்கலாம். இதைக் கடைசி மாதம்வரை தள்ளாமல் சீக்கிரமே கேளுங்கள்.