நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போவதா? நான் முடிவெடுத்த 17 மாதங்கள்

2023 மார்ச்சில் ராஜினாமா கொடுத்தபோது எனக்குக் கைக்கு வந்துகொண்டிருந்த சம்பளம் மாதம் 96,000 ரூபாய். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் லீட், ஒரே கம்பெனியில் 11 வருடம். வீட்டு வாசலுக்கு கேப் வரும், இன்க்ரிமென்ட் தவறாது, யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இன்று தாம்பரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஸ்பெஷல் எஜுகேட்டராக, அதாவது குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் 23,000. இந்த இரண்டு எண்களையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோசனை கேட்டு என்னிடம் வருகிறவர்கள் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். கேட்டதும் பலருக்கு முகம் மாறிவிடுகிறது.

ஆசை எங்கே தொடங்கியது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 அக்டோபரில் அண்ணன் மகனை ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டிலுள்ள மத்திய அரசு நிறுவனத்துக்கு மதிப்பீட்டுக்காக அழைத்துப் போனோம். பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக 2005-இல் தொடங்கிய இடம் அது. வீட்டில் இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்காராதவன், அங்கே ஒரு ஆசிரியையோடு தரையில் உட்கார்ந்து, துணி க்ளிப்பை ஒவ்வொன்றாக டப்பா விளிம்பில் மாட்டிக்கொண்டே இருந்தான். அவர் அதை எப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஆபீஸில் எந்த வேலையைப் பார்த்தும் எனக்கு அப்படித் தோன்றி வருடக்கணக்காகிவிட்டது.

அந்த வாரமே ராஜினாமா மெயில் எழுதியிருந்தால் அது தப்பு. முதலில் பார்க்க வேண்டியது, வேலை சலித்துவிட்டதா, இல்லை உடம்பும் மனசும் களைத்துவிட்டதா என்பது. இரண்டும் உள்ளிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் இரண்டு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்ததும் மேனேஜரிடம் கேட்டு டீம் மாற்றிக்கொண்டேன். புது டீமில் ராத்திரி முழித்திருந்து மென்பொருளை வெளியிடும் வேலை கிடையாது, மேனேஜரும் தன்மையானவர். மூன்று மாதம் நிம்மதியாகவே போயிற்று. ஆனாலும் முட்டுக்காட்டு நினைப்பு போகவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு தோழியும் அப்போது வேலையை விடுவதாகத்தான் இருந்தாள். டீம் மாறியதும் அவளுக்குத் தூக்கம் வந்தது, பிரச்சினை தீர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறாள், சந்தோஷமாகவே இருக்கிறாள். ஆகவே இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பாதிப் பேருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்து, போக நினைக்கிற தொழிலைச் சம்பளம் வரும்போதே செய்து பாருங்கள். வேடிக்கை பார்த்தால் போதாது. நான் 2022 ஜனவரியிலிருந்து சனிக்கிழமைதோறும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு சிறிய சென்டருக்குப் போய் உதவினேன். மொத்தம் ஒன்பது மாதம். எனக்குக் கொடுத்த வேலை, ஒரு பையனுக்குச் சட்டைப் பட்டன் போடக் கற்றுத் தருவது. அதை ஏழு படியாகப் பிரித்து, பின்னாலிருந்து தொடங்குவார்கள். ஆறு படியை நாம் செய்து கொடுத்து, துளையிலிருந்து எட்டிப் பார்க்கிற பட்டனை இழுக்கிற கடைசிப் படியை மட்டும் பிள்ளை செய்ய வேண்டும். முடித்தது தான்தான் என்ற உணர்வு அவனுக்குக் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். அந்த ஏழு படிக்கு நான்கு மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு வாரம் அவனுக்குக் காய்ச்சல். திரும்பி வந்தபோது மூன்று படி மறந்திருந்தான்.

அழகான பகுதி இது. உங்களை நீங்கள் சோதிக்க வேண்டிய இடம் வேறு. ஒவ்வொரு தொழிலிலும் யாரும் பேசாத ஒரு பகுதி இருக்கும், அதுதான் நாளின் பெரும்பகுதி. ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு அது எழுத்து வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.ஈ.பி. என்கிற தனித் திட்டம், அதற்குக் கீழே குறுகிய கால இலக்குகள், தினம் எத்தனை தடவை முயன்றான், எத்தனை தடவை கை பிடித்து உதவினோம் என்ற கணக்கு. அதோடு, கை கடிபடும், டாய்லெட்டுக்கு அழைத்துப் போக வேண்டும், முதுகு வலிக்கும். ஒரு சனிக்கிழமை ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மேடம், இவன் என்னைக்கு அம்மான்னு கூப்பிடுவான்?” என்று கேட்டார். அதற்கு நேர்மையான பதில் என்னிடம் இல்லை. பொய்யும் சொல்லக் கூடாது. அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை போக வேண்டும் என்றுதான் இருந்தது. உங்கள் விஷயத்திலும் இதை எழுதி வையுங்கள்: மோசமான நாளுக்கு அடுத்த வாரம் போகத் தோன்றியதா, சாக்கு தேடினீர்களா? பேக்கரி வைக்க ஆசைப்படுகிறவர் அதிகாலை மூன்று மணி மாவுக்கு இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் பேசுவதைவிட, அதை விட்டுப் போனவர்களிடம் பேசுவது பயன் தரும். நான் மூன்று பேரைத் தேடிப் பேசினேன். ஒருவர் நாலு வருடத்தில் விட்டிருந்தார். காரணம் பிள்ளைகள் இல்லை, நாலு வருடமாகச் சம்பளம் 2,000 ரூபாய் மட்டுமே ஏறியதுதான். இந்த ஒரு தகவல் என் கணக்கையே மாற்றியது. வருடாவருடம் ஏறும் என்று நான் எழுதி வைத்திருந்த வரியை அடித்துவிட்டேன்.

தகுதிச் சான்று விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். என் துறையில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு இருந்தால்தான் தொழில் செய்யலாம். அதற்குக் குழுமம் ஏற்ற படிப்பு வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது இரண்டு வருட பி.எட். சிறப்புக் கல்வி. எனக்குத் தெரிந்த ஒரு பெண் வாரக் கடைசி டிப்ளமோ என்று ஓரிடத்தில் 45,000 கட்டினார். சான்றிதழ் வந்தது, அதை வைத்துப் பதிவு வாங்க முடியவில்லை. கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டால் போதாது. நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று குழுமத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். எந்தத் தொழிலாக இருந்தாலும் இதற்கு ஈடான ஒரு வாசல் இருக்கும். வேலையை விடும் முன் அந்த வாசல் உங்களுக்குத் திறக்குமா என்று தெரிந்தாக வேண்டும்.

சரி, பணம். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மேடவாக்கத்தில் நாலு பேர்: நான், கணவர், அத்தை, அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த மகள். கணவரின் சம்பளம் 52,000. ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவுகளை எழுதினோம். வீட்டுக் கடன் தவணை 31,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் 18,000, பள்ளிக்கட்டணமும் வேனும் சேர்த்து 10,000, கோவில்பட்டியில் அப்பாவுக்கு 6,000, கரண்ட், போன், மெயின்டனன்ஸ் 6,500, பெட்ரோல் 4,500, இன்சூரன்ஸ் 5,000, மருந்து, துணிமணி, மற்றவை 8,000. மொத்தம் 89,000.

காகிதத்தில் எழுதியதை நம்பாதீர்கள், ஒத்திகை பாருங்கள். மூன்று மாதம் என் சம்பளத்தில் மிஞ்சுவதை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, 89,000-க்குள்தான் குடும்பம் என்று நடத்தினோம். இரண்டாம் மாதமே உடைந்தது. நாத்தனார் மகளுக்குச் சடங்கு. என் கணவர் தாய்மாமன். பட்டுப்புடவை, ஒரு ஜோடி தோடு, தட்டு வரிசை எல்லாம் சேர்ந்து 62,000. அதை நாங்கள் எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை. தாய்மாமன் சீரைக் குறைக்கலாமா என்று பேச்சு வந்தபோது கணவர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரிதான். நான் தொழில் மாறுவதற்கு அவருடைய தங்கை சபையில் தலைகுனியக் கூடாது. அன்றிலிருந்து எங்கள் கணக்கில், உறவுகளுக்குச் செய்ய வேண்டிய சீர், மொய்க்காக ‘செய்முறை’ என்று மாதம் 5,000 தனி வரி. உண்மையான செலவு 94,000 ஆயிற்று.

பெரிய பாரம் வீட்டுக் கடன். நிலுவை 24 லட்சம். எஃப்.டி.யில் இருந்த 8 லட்சத்தை அசலில் கட்டினோம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இப்படிக் கட்டினால் பெரும்பாலும் தவணைக் காலத்தைத்தான் குறைப்பார்கள், மாதத் தொகை அப்படியே இருக்கும். சம்பளம் நிற்கப் போகிறவருக்கு வேண்டியது மாதத் தொகை குறைவது. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு 31,000 சுமார் 20,700 ஆனது. தவணைக் காலத்தைக் குறைப்பதைவிட இதில் வட்டி மொத்தமாகக் கூடுதல்தான், தெரிந்தே ஏற்றோம்.

ஆக மாதச் செலவு 83,700. கணவர் சம்பளம் போக மாதம் 31,700 துண்டு விழும். 24 மாதப் படிப்புக்கு 7,60,800. படிப்புக் கட்டணம் 70,000. இதற்கு ஒரு பகுதி கிராஜுவிட்டியிலிருந்து, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையிலிருந்து வந்தது. நான் விட்டபோது இருந்த விதிப்படி, ஒரே நிறுவனத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15-ஆலும் பணி வருடத்தாலும் பெருக்கி 26-ஆல் வகுத்தால் தொகை தெரியும். எனக்கு 42,000 பெருக்கல் 15 பெருக்கல் 11, வகுத்தல் 26: 2,66,538 ரூபாய். நாலரை வருடம் முடித்த ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், ஆறு மாதம் பொறு என்றுதான் சொல்வேன். மீதிக்கு மாதாமாதம் சேர்த்தோம். அது போக 3 லட்சம் தொடாத பணம். பி.எஃப். பணத்தை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை, அது 58 வயதுக்கானது. பி.எஃப்.-ஓடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வூதியம் கிடைக்கத் தேவையான 10 வருடச் சேவை தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

பலர் மறப்பது மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி கடைசி வேலை நாளோடு போய்விடும். என் பாலிசியில் அத்தையும் இருந்தார். வயது 64, சர்க்கரை உண்டு. தனிப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். 2024-லிருந்து அது அதிகபட்சம் 3 வருடம், நான் வாங்கியபோது 4. அதனால் ராஜினாமாவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே, 2022 ஏப்ரலில், கம்பெனி பாலிசி இருக்கும்போதே தனியாகவும் எடுத்துவிட்டேன். சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதினோம், பிரீமியம் கூடியது. பரவாயில்லை. மறைத்து எழுதிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் கிளெய்ம் மறுக்கப்படுவதைவிட இது மேல்.

வீட்டில் சொல்வது பற்றி ஒன்று. முடிவு எடுத்த பிறகு சொன்னால் அது அறிவிப்பு. நான் கணக்கு நோட்டோடு போய் உட்கார்ந்தேன். அப்பாதான் கஷ்டப்பட்டார். “ஏம்மா, நாங்க தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்து உன்னைய எம்.சி.ஏ. படிக்க வச்சது இதுக்கா?” என்றார். அவர் கோபப்படவில்லை, குரல் உடைந்திருந்தது. அதற்கு வாதம் செய்து பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை அவரையே சென்டருக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில், “மாசம் எனக்கு அனுப்புற காசை நிறுத்திரும்மா” என்றார். நிறுத்தவில்லை, அந்த 6,000 கணக்கில் அப்படியே இருந்தது. அத்தை கேட்டது ஒன்றுதான்: “பாப்பா ஸ்கூலை மாத்த மாட்டீங்களேம்மா?” மாற்றவில்லை. வீட்டில் ஒவ்வொருவரிடமும், எது மட்டும் கைவைக்கப்படக் கூடாது என்று கேளுங்கள். அவற்றைக் காப்பாற்ற முடியாத கணக்கு என்றால், அந்த வருடம் போகாதீர்கள். வீட்டில் உங்கள் சம்பளம் ஒன்றுதான் என்றால், இரண்டு வருட முழுநேரப் படிப்புக்கு நான் ஒருபோதும் சரி சொல்ல மாட்டேன். வேலையிலிருந்தபடியே மாறும் வழியைத் தேடுங்கள்.

கடைசியாக ஒரு தேதியும் மூன்று நிபந்தனைகளும் எழுதிக் கொள்ளுங்கள். என்னுடையவை: படிப்புக்கான பணமும் அந்த 3 லட்சமும் தனியாக இருக்க வேண்டும். தனிப் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். ஆறு மாதமாவது சனிக்கிழமை வேலையை விடாமல் செய்திருக்க வேண்டும். முதலில் நான் குறித்த தேதி 2022 ஜூலை 31. அன்றைக்குப் பணம் 4 லட்சம் குறைவு. மெயிலை அனுப்பவில்லை. அந்த வருடச் சேர்க்கை போயிற்று, மனசு ரொம்ப வலித்தது. அடுத்த தேதி 2023 மார்ச் 31. மார்ச் 20-க்கே மூன்றும் நிறைவேறிவிட்டதால் அன்றே மேனேஜரிடம் நேரில் சொல்லி, பிறகு மெயில் அனுப்பினேன். நோட்டீஸ் 90 நாள். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று (எனக்கு அது ஃபார்ம் 16), பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி ஏறியதா என்பது, இவ்வளவையும் கையோடு பார்த்து வாங்கிவிடுங்கள். பிறகு அலைய வேண்டியிருக்கும்.

2025 ஜூலையில் பள்ளியில் சேர்ந்தேன். கணவருக்குச் சம்பளம் 56,000 ஆகியிருக்கிறது. ஆனாலும் மாதம் நாலைந்தாயிரம் துண்டு விழுகிறது. சாயங்காலம் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லித் தருகிறேன், அதில் சரியாகிவிடுகிறது. நோட்டு இன்னும் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது. ‘செய்முறை’ வரியில் இந்த மாதம் அண்ணன் புது வீட்டுப் பால் காய்ச்சுக்காக 3,000 எழுதியிருக்கிறேன்.