லண்டனில் அசல் மலேசியச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோலாலம்பூர், பினாங்கு பக்கம் ஒரு முறையாவது சாப்பிட்டவர்களுக்கு லண்டன் வந்ததும் அந்த ருசிக்கு நாக்கு ஏங்கும். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்த இடங்கள் நமக்கு வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் முழங்கை நம் மேல் இடிக்கிற சின்னக் கடைகளில்தான் நமக்கு வேலை. புதியவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. கடையைத் தேடாதீர்கள், சாப்பாட்டைத் தேடுங்கள்

கூகுள் மேப்பில் 'மலேசியன் ரெஸ்டாரன்ட்' என்று தேடினால் தாய்லாந்துக் கடையும் சீனக் கடையும் கலந்து வரும். அதற்குப் பதில் நாசி லெமாக் (தேங்காய்ப் பால் சோறு), ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி அடுக்கு ரொட்டி), கோபித்தியாம் (காபிக் கடை), மாமாக் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) என்று ஒவ்வொன்றாக ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள். கடை கிடைத்ததும் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டாம். விமர்சனங்களுக்குள் 'செடாப்' என்று தேடுங்கள். மலாயில் 'ருசி' என்று பாராட்டும் சொல் அது; அதை எழுதியவர் பெரும்பாலும் ஊர்க்காரராகத்தான் இருப்பார். 'பரிமாறியவர் சிரிக்கவே இல்லை', 'சாப்பிட்டதும் எழுந்திருக்கச் சொன்னார்கள்' என்ற புகார்களுக்காக ஒரு கடையை ஒதுக்காதீர்கள்.

தேட நேரமில்லையா? யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டோரிக் வே தெருவில் ரொட்டி கிங் இருக்கிறது. வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள். பேஸ்வாட்டரில் மலேசிய மாணவர்களுக்கான மலேசியா ஹாலின் கேன்டீனும் பெயர் பெற்றது.

2. எந்த அடுப்பு என்று பாருங்கள்

மலேசியச் சமையல் ஒன்றல்ல. மலாய்க்காரர்களின் நாசி லெமாக்கும், மசாலாவில் சுண்டவைத்த கறியான ரெண்டாங்கும் ஒரு பக்கம். சீனர்களின் சார் குவே தியாவும் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) ஹொக்கியன் மீயும் (மீ என்றால் நூடுல்ஸ்) இன்னொரு பக்கம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளின் ரொட்டி சானாய், முர்தபாக் (கறியும் முட்டையும் வைத்து மடித்த ரொட்டி), மீ கோரேங் (வறுத்த மீ) மற்றொரு பக்கம். பினாங்கின் நாசி கந்தார் கூட, தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடி கட்டிச் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் வந்ததுதான். சின்னக் கடை மூன்றையும் ஒரே தரத்தில் செய்வது அபூர்வம். மெனுவில் எது நிறைய இருக்கிறதோ அந்தப் பக்கமே ஆர்டர் செய்யுங்கள். தாய்லாந்தின் பாட் தாயும் ஜப்பானின் சுஷியும் அதே அட்டையில் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "லக்சா என்றால் எது, பினாங்கு அசாமா, கறியா?" லக்சா ஒரு நூடுல்ஸ் சூப். அசாம் (மலாயில் புளி) லக்சா மீனும் புளிப்பும், தேங்காய்ப் பாலே கிடையாது, கறி லக்சா தேங்காய்ப் பாலில் மிதக்கும். ஹொக்கியன் மீயும் அப்படித்தான். கோலாலம்பூரில் கறுப்பு சோயாவில் பிரட்டிய தடித்த மீ, பினாங்கில் இறால் சூப். யோசிக்காமல் பதில் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம்.

3. முதலில் சாதா நாசி லெமாக்

கோழி வறுவல், ரெண்டாங் எதுவும் சேர்க்காமல் வெறும் நாசி லெமாக் சொல்லுங்கள். சோறு, சம்பல், நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரிக்காய், முட்டை. இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

சோற்றைக் கிளறினால் தேங்காய்ப் பால் வாசனையும் பாண்டான், அதாவது ரம்பை இலை வாசனையும் வர வேண்டும், குழைந்திருக்கக் கூடாது. நெத்திலியும் கடலையும் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். அப்புறம் சம்பல். கடை அசலா என்று இதில்தான் தெரியும். அரைத்த மிளகாயை எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை பொறுமையாக வதக்கினால் நிறம் கருஞ்சிவப்பாகும், ஓரத்தில் சிவந்த எண்ணெய் தேங்கும். முதலில் லேசான இனிப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் காரம். அடியில் பெலாச்சான் என்ற புளிக்கவைத்த இறால் விழுதின் வாடை இருக்கும். தக்காளி சாஸ் மாதிரி பளீரென்று சிவப்பாக, வெறும் இனிப்பாக இருந்தால், சாப்பிட்டதற்குப் பணம் கொடுத்துவிட்டு அடுத்த கடை பாருங்கள்.

ரெண்டாங் சாப்பிட ஆசையா? 2018-ல் பிரிட்டிஷ் மாஸ்டர்செஃப் நடுவர் ஒருவர் ரெண்டாங் கோழியின் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று சொல்லப்போய், மலேசியாவே கொதித்தது. மெதுவாக வேகவைத்துச் சுண்டவைத்த மசாலா கறியில் ஊறி நிற்பதுதான் ரெண்டாங். மொறுமொறுப்பாக வந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

4. ரொட்டியும் தேநீரும்

ரொட்டி சானாய் போடுபவர் கண்ணில் படுகிற மாதிரி உட்காருங்கள். மாவை வீசி, மடித்து, கல்லில் போட்டு எடுத்தபின் இரண்டு கையாலும் தட்டி நொறுக்குவார். அப்போதுதான் அடுக்கு பிரியும். அச்சில் வார்த்தது போல எல்லாம் ஒரே அளவில் வந்தால் ஃப்ரீசர் பாக்கெட்டாக இருக்கலாம். தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரில் இனிப்பு தூக்கலாகத்தான் இருக்கும். கண்டென்ஸ்டு மில்க் போட்டது. 'கோபி ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத காபி.

5. சைவக்காரர்கள் கவனிக்க

காய்கறிதானே என்று காங்கோங் கீரை வறுவலைச் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் பெலாச்சான் போட்டுத்தான் வறுப்பார்கள். சம்பலிலும் அதுதான். மாமாக் கடை டால்ச்சா என்ற பருப்புக் குழம்பில் ஆட்டெலும்பு கிடக்கலாம், சீனக் கடை குவே தியாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். 'சைவமா?' என்று பொதுவாகக் கேட்டால் பரிமாறுபவர் தலையாட்டிவிடக் கூடும். 'பெலாச்சான் இருக்கிறதா, எலும்பு போட்டிருக்கிறதா?' என்று பொருளைச் சொல்லியே கேளுங்கள்.