நாஸ் டிஸ்க்கில் பிழை: கேபிளை மாற்றியதும் சரியானது

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ட்ரூநாஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டிக்கான இயங்குதளம்) போட்டு, 4 டிபி டிஸ்க் இரண்டை மிரராக, அதாவது ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும்படி, வைத்திருக்கிறேன். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். திடீரென்று பூல் (இரண்டு டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பிடம்) 'டிகிரேடட்', அதாவது பழுதோடு ஓடுகிறது என்று எச்சரிக்கை வந்தது. ஒரு டிஸ்க்கில் பிழைகள் ஏறிக்கொண்டே இருந்தன. டிஸ்க் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார் கடைக்காரர்.

முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். இதை முடிக்காமல் வேறெதையும் தொடக்கூடாது. அப்புறம் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே எண்ணிட்ட வரிசைகளில் பதிவு செய்யும் அறிக்கையை, திறந்தேன். 5 என்ற எண்ணுள்ள வரிசை, பழுதாகி மாற்றப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. இரண்டுமே பூஜ்யம். ஆனால் 199, அதாவது சிஆர்சி பிழை, நூற்றுக்கணக்கில் இருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் தகவல், வழியில் சிதைகிறது என்று பொருள். பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம்.

டிஸ்க் நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கும் எழுதினேன். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். ஸ்மார்ட் அறிக்கை முழுவதையும் கர்னல் லாக்கையும் (இயங்குதளம் எழுதிவைக்கும் பிழைப் பதிவு) இணைத்திருந்ததால், கேபிளை மாற்றிப் பாருங்கள் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள்.

பவரை அணைத்துத் திறந்தால், கேபிளின் ஒரு முனை கேஸ் மூடியில் இடித்து மடங்கிக் கிடந்தது. கிளிப் உள்ள புதுக் கேபிள் போட்டு, பூலின் பிழைக் கணக்கை அழித்துவிட்டு, ஸ்க்ரப் (பூலில் உள்ள தகவல் முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டினேன். ராத்திரி முழுக்க ஓடியது, ஒரு பிழையும் இல்லை. 199-இன் எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. ஏறாமல் நின்றால் போதும்.