வாய் கோணினால் முதலில் மணியைப் பாருங்கள்

மூளையின் எடை சுமார் 1.4 கிலோதான். ஆனால் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதனால்தான் ரத்த ஓட்டம் சில நிமிடம் தடைபட்டாலே அங்கே செல்கள் சாகத் தொடங்கிவிடும். பக்கவாதத்தில் (ஸ்ட்ரோக்) நடப்பது இதுதான்.

பெருமூளையின் இடது பாதி வலது கை கால்களை இயக்குகிறது. வலது பாதி இடப்பக்கத்தை. பேச்சு, பெரும்பாலானவர்களுக்கு இடது பாதியில். பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை பாதிக்கப்பட்டால் கை துவளாமலே இருக்கலாம். நடை தள்ளாடும், தலை சுற்றும், வாந்தி வரும். இதைப் பித்தம் என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

யாருக்காவது பக்கவாதமோ என்று சந்தேகம் வந்தால் அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். உதடு ஒரு பக்கம் இறங்கினாலோ, ஒரு கை மட்டும் மெல்லக் கீழே வந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கட்டாயம் கேட்பார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சோடா, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும்.