சோல்வாங்கில் ஒரு நாள்: குடும்பத்துடன் பேக்கரிக்கும் ஒயினுக்கும்

டென்மார்க் பாணிப் பேக்கரிகளுக்கும் சுற்றுவட்டார ஒயினுக்கும் பெயர் பெற்ற, கலிஃபோர்னியாவின் சோல்வாங் நகருக்குக் குடும்பத்துடன் செல்லத் திட்டமிடுபவர்கள் எந்த பேக்கரிக்குப் போவது என்று யோசிப்பதற்கு முன்பாக, திரும்பும்போது காரை யார் ஓட்டுவது என்பதை முடிவு செய்துவிட வேண்டும். இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தை எட்டினால் அங்கே குற்றம்; அதற்குக் குறைவாக இருந்தாலும் ஓட்டும் திறன் பாதிக்கப்பட்டிருந்தால் வழக்குத் தொடர முடியும். ஆகவே ஓட்டுநராக ஒப்புக்கொண்டவர் அன்று ஒயினைத் தொடாமல் இருப்பதும், அவருக்குப் பேக்கரியில் முதல் தேர்வு தருவதுமே நியாயமான ஏற்பாடு.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஏறத்தாழ 130 மைல் தூரம். நெரிசல் இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாண்டா பார்பராவைக் கடந்த பிறகு இரண்டு வழிகள் உண்டு. 101ஆம் நெடுஞ்சாலையிலேயே கடலோரமாகச் சென்று, கவியோட்டா சுரங்கப்பாதையைத் தாண்டி, பியூல்டனில் 246ஆம் சாலைக்குத் திரும்புவது ஒன்று. 154ஆம் சாலையில் சான் மார்கஸ் கணவாய் ஏறி, கச்சூமா ஏரியைப் பார்த்தபடி இறங்குவது மற்றொன்று. இரண்டாவது வழி தூரம் குறைந்தது, அழகானதும்கூட. ஆனால் வளைவுகள் மிகுந்த மலைச்சாலையில் குமட்டல் வரும் குழந்தைகள் உடன் இருந்தால் அது வேண்டாம். இருட்டிய பின் திரும்புவதற்கும் 101ஐத்தான் பரிந்துரைப்பேன். கடற்கரையில் மூடுபனியும் குளிருமாக இருக்கும் கோடைக் காலையில்கூட உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் நண்பகலுக்குள் வெயில் ஏறிவிடும் என்பதால், தொப்பியும் தண்ணீரும் ஒரு மெல்லிய மேலாடையும் ஒருசேரத் தேவைப்படும்.

வார நாளில் போக முடிந்தால் அதுவே சிறப்பு. வாரயிறுதியில்தான் முடியும் என்றால் காலை 9 மணிக்குள் சென்றுவிடுவது நல்லது. வண்டி நிறுத்தவும் எளிது, பேக்கரித் தட்டுகளும் நிறைந்திருக்கும். செப்டம்பரில் நடக்கும் டேனிஷ் டேஸ் விழாவும், டிசம்பரின் யூலஃபெஸ்ட் என்னும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமும் பார்க்கத் தகுந்தவை என்றாலும், நிதானமாகச் சுற்ற விரும்பும் குடும்பங்கள் அந்நாட்களைத் தவிர்க்கலாம்.

முதலில் சாப்பிட வேண்டியது ஏபல்ஸ்கீவர். குழிகள் கொண்ட வார்ப்பிரும்புச் சட்டியில் மாவை ஊற்றி, கூரிய குச்சியால் புரட்டிப் புரட்டி உருண்டையாக வேகவைக்கிறார்கள். நம் பணியாரக்கல்லின் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லத் தோன்றும். மேலே பொடித்த சர்க்கரையும் ராஸ்பெர்ரி ஜாமும் சேர்த்து, சூடாகத் தருவார்கள். சூடு ஆறிவிட்டால் அதன் பெருமையும் போய்விடும் என்பதால் இதை மட்டும் பொட்டலம் கட்டிக்கொண்டு வர எண்ண வேண்டாம். வெண்ணெயை மாவுக்குள் வைத்து மடித்து மடித்துத் தேய்த்து, அடுக்கடுக்காகப் பிரியும்படி சுடும் பேஸ்ட்ரிகளுக்கு ஓல்சன்ஸ், மார்ட்டன்சன்ஸ், பிர்க்கோம்ஸ் ஆகிய பேக்கரிகள் பெயர் பெற்றவை. ஒரே கடையில் அரை டஜன் வாங்குவதை விட, ஒவ்வொரு கடையிலும் ஒன்றிரண்டு வாங்கி, எல்லோரும் பகிர்ந்து உண்பதே ருசியை ஒப்பிட உதவும். கிரிங்கிள் என்னும் டேனிஷ் பேஸ்ட்ரி உள்ளிட்ட பலவற்றில் பாதாம் விழுது இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டே வாங்க வேண்டும். முட்டையும் சேர்க்காதவர்களுக்கு இங்கே பேஸ்ட்ரி கிடைப்பது கடினம். மதிய உணவாகப் பரிமாறப்படும் டேனிஷ் இறைச்சி உருண்டைகளிலும் தொத்திறைச்சியிலும் பன்றி இறைச்சி இருப்பது வழக்கம் என்பதால், சைவர்கள் கையில் ஏதாவது எடுத்துச் செல்வது பாதுகாப்பானது.

ஊரைச் சுற்ற இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். டேனிஷ் குடியேறிகள் இந்த ஊரை நிறுவியது 1911இல் என்றாலும், மரச்சட்டங்கள் வெளித்தெரியும் சுவர்களும் காற்றாலைகளுமாக ஊர் இன்றைய தோற்றத்தைப் பெற்றது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். இது சுற்றுலாவுக்காகப் போட்ட வேடம் என்று முகம் சுளிப்பவர்கள் எல்வர்ஹோய் அருங்காட்சியகத்துக்குச் சென்றால், அந்த வேடத்துக்குப் பின்னே உண்மையாகவே வாழ்ந்த மனிதர்களின் வரலாற்றைக் காணலாம். சிறுவர்களுக்குக் கோபன்ஹேகனின் கடற்கன்னிச் சிலையின் நகலும், வட்டக் கோபுரத்தின் சிறிய வடிவமும் பிடிக்கும். அதைவிட அவர்கள் பல நாள் பேசப்போவது, பியூல்டனிலிருந்து வரும் வழியில் உள்ள ஆஸ்ட்ரிச்லேண்டில் நெருப்புக்கோழிகளுக்குத் தீனி கொடுத்ததைப் பற்றியாகத்தான் இருக்கும். பெரியவர்களை அழைத்துச் சென்றால், நகரின் கிழக்கு ஓரத்தில் 1804இல் நிறுவப்பட்ட சாண்டா இனெஸ் மிஷன் தேவாலயத்தின் தோட்டத்தில் சற்று உட்காரலாம்.

ஒயினை மதிய உணவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சோல்வாங் அமைந்துள்ள இந்தப் பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காக அமைந்து பசிபிக் கடலை நோக்கித் திறந்திருப்பதால், கடலின் குளிர்ந்த காற்றும் மூடுபனியும் உள்ளே நுழைகின்றன. கிழக்கே செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது. அதனால் மேற்கிலுள்ள ஸ்டா ரீட்டா ஹில்ஸ் பகுதி பினோ நுவார், ஷார்டொனே திராட்சைகளுக்கும், நடுவிலுள்ள பாலர்ட் கேன்யன் சிராவுக்கும், கிழக்கு ஓரத்து ஹாப்பி கேன்யன் கேபர்னே சோவின்யோனுக்கும் ஏற்றவையாகின்றன. இவ்வளவு தெரிந்துகொண்டு, ஊற்றித் தருபவரிடம் மேற்கிலிருந்து ஒன்றும் கிழக்கிலிருந்து ஒன்றும் கேட்டுச் சுவைத்தாலே வேறுபாடு புலப்படும்.

ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் டேஸ்டிங் ரூம்கள் சோல்வாங்கிலேயே நடக்கும் தூரத்தில் பல உள்ளன. சில மைல் வடக்கே உள்ள லாஸ் ஆலிவோஸ் என்னும் சிற்றூரிலும் ஏராளம். குழந்தைகள் உடன் இருக்கும்போது ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் குடிக்கக் கூடாது என்பது சட்டம். அவர்கள் உள்ளே வந்து உட்காரலாமா என்பது அந்தந்த இடத்தின் விதி என்பதால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். புல்வெளியோ முற்றமோ உள்ள இடமாகத் தேர்ந்தெடுத்தால் பிள்ளைகளும் பொறுமையாக இருப்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரும் சுவைக்க விரும்பினால், வயதுச் சான்றாகப் பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஊற்றித் தருவது ஓரிரு வாய் அளவுதான். விழுங்காமல் துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள், மீதியை அதில் ஊற்றிவிடுவதையும் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாட்டில் வாங்கினால் சுவைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் இடங்களும் உண்டு என்றாலும், அதற்காகவே பிடிக்காத ஒயினை வாங்குவது வீண் செலவு.

வாங்கிய பாட்டில்களை வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் சென்றால் வெப்பத்தில் ஒயின் கெட்டுவிடும். ஐஸ் பெட்டி ஒன்று கொண்டுபோவது நல்லது. திறந்த பாட்டிலைப் பயணிகள் அமரும் பகுதியில் வைப்பது சட்டவிரோதம், ஆகவே மிச்சம் இருந்தால் டிக்கியில்தான் வைக்க வேண்டும். மறுநாளைக்கான பேஸ்ட்ரிகளைக் கிளம்பும் முன் கடைசியாக வாங்கி, வீட்டில் மைக்ரோவேவைத் தவிர்த்து ஓவனில் சில நிமிடங்கள் சூடாக்கினால், அடுக்குகள் மீண்டும் மொறுமொறுப்பாகும்.