பழைய ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடலாமா? அளந்து பார்த்து முடிவெடுங்கள்

எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கீழே உள்ள பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்கும் ஹெட் போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான். முறுக்கும்போது கொஞ்சம் நீளும். பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுவைதான் இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை அழுத்திப் பிடிக்கிறது. நீண்டது திரும்பாமல் அப்படியே நின்றுவிட்டால் அந்தப் போல்ட்டை நம்ப முடியாது.

1. முதலில் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். டார்க் (முறுக்கு விசை) அளவு மட்டும் கொடுத்திருந்தால் பெரும்பாலும் திரும்பப் போடலாம். டார்க்குக்குப் பிறகு 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று மேலும் திருப்ப வேண்டிய கோணமும் இருந்தால் எச்சரிக்கை தேவை. ‘ஒருமுறைதான்’ என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை, புது செட் வாங்குங்கள்.

2. எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட் வளையும். ஓரத்திலிருந்து நடுவுக்கு, கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். அட்டையில் ஓட்டை போட்டு, எந்த இடத்துப் போல்ட் எது என்று வரிசையாகக் குத்தி வையுங்கள்.

3. மண்ணெண்ணெயில் ஊறவைத்து வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். மரையில் டை (போல்ட்டில் மரை வெட்டும் கருவி) ஓட்ட வேண்டாம், அது இரும்பைச் சீவிவிடும்.

4. இனிதான் முக்கியமான வேலை. அதே மரையுள்ள நட்டை விரலால் திருகுங்கள். மரை முடியும்வரை தடையில்லாமல் ஓட வேண்டும். நடுவில் இறுகினால் அங்கே மரை இழுபட்டிருக்கிறது. அடுத்து, இரண்டு போல்ட்டைத் தலைமாற்றி மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். பற்கள் சரியாக உட்காராமல் இடைவெளி தெரிந்தால் இரண்டில் ஒன்று நீண்டிருக்கிறது.

பிறகு வெர்னியர் காலிப்பரால் அளவெடுங்கள். மெர்சிடிஸ் ஓஎம்603 டீசலில் தலைக்கு அடியிலிருந்து நுனிவரை அளக்க வேண்டும்: புதிதில் 80 மி.மீ. உள்ள போல்ட்டுக்கு 83.6 வரைதான் அனுமதி, 102க்கு 105.6, 115க்கு 118.6. ஹோண்டா கே20 எஞ்சினிலோ பார்க்க வேண்டியது விட்டம். மேனுவல் காட்டும் இரண்டு இடங்களில் எதிலாவது 10.6 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் போல்ட் கழிவு. நகத்தில் தட்டுப்படும் துருக்குழி இருந்தாலும் அப்படியே. ஒன்று தேறாவிட்டால் முழு செட்டையும் மாற்றுங்கள். பழசும் புதுசும் ஒரே மாதிரி இழுக்காது.

5. பிளாக்கின் ஓட்டைகளை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றடித்துக் காயவையுங்கள். அடி மூடிய ஓட்டையில் எண்ணெயோ கூலன்டோ தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதை அமுக்கிப் பிளாக்கையே பிளக்கும். ஒரு ஸ்பூன் அளவு திரவம் போதும். ஓட்டையின் மரையைத் துப்புரவாக்க, பழைய போல்ட்டில் நெடுக்காக ஹாக்ஸாவால் காடி வெட்டி ஓட்டலாம், டாப் (ஓட்டையில் மரை வெட்டும் கருவி) வேண்டாம்.

6. மரையிலும் தலைக்கு அடியிலும் எஞ்சின் ஆயிலை மெல்லிசாகப் பூசுங்கள். டார்க் ரெஞ்சில் (குறித்த டார்க் வந்ததும் ‘கிளிக்’ கொடுக்கும் ஸ்பேனர்) கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. காய்ந்த மரையில் ரெஞ்ச் ‘கிளிக்’ கொடுக்கும், ஆனால் கேஸ்கெட்டுக்குப் போதிய அழுத்தம் போய்ச் சேராது. தண்ணீர்ப் பாதைக்குத் திறக்கும் ஓட்டை என்றால் மேனுவல் சொல்லும் சீலன்ட்டை (கசிவை அடைக்கும் பசை) மரையில் பூசுங்கள்.

7. நடுவிலிருந்து வெளியே, மேனுவலின் வரிசையில், கட்டம் கட்டமாக இறுக்குங்கள். கோணத்துக்குத் தலையில் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருப்பத் திருப்பக் கை கனக்க வேண்டும். கனம் ஏறாமல் வெண்ணெய் போல வழுக்கினால் உடனே நிறுத்துங்கள்: போல்ட் நீள்கிறது, அல்லது பிளாக்கின் மரை கழன்று வருகிறது. வெளியே எடுத்து மரையில் உலோகச் சுருள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓட்டைக்கு இன்சர்ட் (உள்ளே பொருத்தும் புது மரை) போட்ட பிறகுதான் அடுத்த வேலை.